மூன்றாவது பூச்சு

ஒட்டிய முகத்தின் உதட்டோரத்தில் இருந்த ஒரு குமிழி மட்டும் போக மறுத்தது.

பன்னிரண்டு வருடமாக ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் அவள். பேருந்துக் கண்ணாடி, லிப்ட் கதவு, மருத்துவமனைத் தரை, படகின் பக்கவாட்டுப் பலகை என்று அந்த ஊரில் அவள் கை படாத பரப்பு குறைவு. ஒட்டிய எதிலும் குமிழி இருந்ததாக யாரும் விரல் நீட்டியதில்லை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பிலிமை அதன்மேல் மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் வழித்துக்கொண்டே போனால் தண்ணீரும் காற்றும் ஒன்றாக வெளியேறிவிடும். பொறுமை இருந்தால் போதும். அது அவளிடம் வேலையில் மட்டும்தான் உண்டு, மனிதர்களிடம் கிடையாது. இன்று காலையிலிருந்து ஏழு முறை வழித்துவிட்டாள். கடுகளவுக் குமிழி. ரப்பர் மேலே வரும்போது படிந்துவிடும், தாண்டியதும் அதே இடத்தில் எழும். உற்றுப் பார்த்தால் மெல்ல ஏறி இறங்குவதுபோலக்கூட இருந்தது. டியூப் லைட் துடிக்கிறது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

குமிழிக்குக் கடைசி வைத்தியம் ஊசி. படுக்கைவாட்டில் சாய்த்து ஒரு குத்து, பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. குத்தினாள். காற்று போய்விட்டது.

முன்னறையில் மகள் "ஸ்ஸ்" என்றாள்.

போய்ப் பார்த்தால், இடது உதட்டோரத்தில் ஊசிமுனை அளவு ரத்தம். கடித்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது என்று மகளே காரணமும் சொன்னாள். ஒன்பது வயது. வாய் ஓயவே ஓயாது. மழைக்குப் பள்ளிக்கூடத்தை மூடியதிலிருந்து தொலைக்காட்சியோடு போட்டி போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த வாய் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் கடிபட்டிருக்காது என்று சொல்லிவிட்டு அம்மா பின்னறைக்குத் திரும்பினாள். இந்த வீட்டில் அன்பும் திட்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவது இரண்டு பேருக்கும் பழக்கம்தான்.

பின்னறையில் ஜன்னல் கிடையாது. காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று சுவரில் முனகிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட் வாடை, சூடான பிளாஸ்டிக் வாடை, மூன்று நாளாகக் காயாத மழையின் பூஞ்சை வாடை. நடு மேஜையில் அந்தப் பலகை சாய்ந்து கிடந்தது.

பின்பால் மெஷினின் பலகை. சாய்வான மேஜைக்குள் இரும்புக் குண்டை உந்திவிட்டு, அது விழாமல் இரண்டு குட்டிக் கைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்புகிற விளையாட்டு. எவ்வளவு கெட்டிக்காரன் ஆடினாலும் குண்டு கடைசியில் அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் உள்ள சந்தில் இறங்கித்தான் தீரும். கண்ணாடி, விளக்கு, ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் படம் வரைந்த மரத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார் விளையாட்டு ஹால் நடத்துகிறவர். படத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம். கீழ்வரிசையில் வேடிக்கை பார்க்கும் பதினோரு முகங்கள். சந்துக்கு நேர் மேலே, ஒவ்வொரு குண்டும் கடைசியாக உருண்டு போகும் பாதையில், ஆறாவது முகம் இருக்க வேண்டிய இடத்தில் அப்போது கிழிந்த ஒட்டு மிச்சங்களும் வெறும் மரமும்தான் தெரிந்தன.

பலகையைக் கொண்டுவந்த அன்று ஹால்காரர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கடனாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அந்த எடத்துல ஒரு முகம் வேணும். யாரு முகமா இருந்தாலும் சரி. அழியக்கூடாது, அவ்வளவுதான்."

முன்பு மூன்று பேர் ஒட்டிப் பார்த்தார்களாம், ஒன்றுமே நிற்கவில்லையாம். அவர்கள் எந்த பிலிம் போட்டார்கள் என்று தெரிந்தால் நல்லது, நம்பர் கொடுங்கள் என்று கேட்டாள். அவர்களோடு இப்போது பேச முடியாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஒட்டத் தெரியுமா தெரியாதா, அதைச் சொல் என்றார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கையால் ஒட்டியதை உரித்துக் காட்டுங்கள், கடையை இழுத்து மூடிவிடுகிறேன் என்றாள். அந்த வீறாப்பில்தான் வேலையை எடுத்துக்கொண்டாள், வேறு எதற்காகவும் இல்லை. பலகையை இறக்கும்போது அவருடைய வேனின் முன் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை துணி சுற்றியிருந்தது. கண் இருக்கும் இடத்திலும் துணிதான்.

பழைய ஒட்டு மிச்சங்களைச் சுடுகாற்று அடித்துச் சுரண்டியபோது ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அடுக்கு வந்தது. அடியில் ஒரு தாடை. அதற்கு மேல் ஒற்றைக் கண். இரண்டும் மட்டமான வேலை. மேலே லேமினேஷன்கூட இல்லாத சாதா பிரிண்ட், தேயாமல் என்ன செய்யும் என்று மனதுக்குள் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டாள். மேலடுக்கு மட்டும் தேர்ந்த கையின் வேலை. அது தேயவும் இல்லை. ஓரம் சுற்றிலும் முடியும் காதும் அப்படியே இருக்க, நடுவை மட்டும் யாரோ நகம் கொடுத்து உரித்து எடுத்திருந்தார்கள்.

முகத்தை வெறும் கற்பனையில் வரைய அவளுக்கு வராது. இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேருக்கு வராது. பக்கத்தில் யார் கிடைக்கிறார்களோ அவர்களை உட்காரவைத்துப் படம் எடுத்து அதன்மேல் கோடு போடுவதுதான் வழக்கம். பல் மருத்துவமனை போர்டில் பளீரென்று சிரிப்பவர் எதிர்க்கடைக்காரர், அவர் வாயில் இருப்பது முழுக்கக் கட்டுப்பல். அன்று கிடைத்தது மகள். நாலு படம் எடுத்தும் நாலிலும் வாய் திறந்திருந்தது, பேச்சு நின்றால்தானே. கடைசியில் அவள் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

"ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு சிரிடி. ஒரே ஒரு நிமிஷம்."

மகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, கண்ணால் சிரித்தாள். அதுதான் பலகையில் ஏறியது. தடித்த தெளிவான பிலிமின் அடிப்பக்கத்தில் முகத்தை இடம்வலம் மாற்றி அச்சடித்து, அதன்பின்னால் வெள்ளை ஏற்றி, அதற்கும் பின்னால் பசை. குண்டு மேலே பிலிமில் ஓடும், மை அடியில் பத்திரமாக இருக்கும். ஹால்காரருக்கு வேண்டியது அழியாத முகம்தானே. இது அழியாது.

மதியம் சோதனை பார்த்தாள். சோதனை பார்க்காமல் எதையும் அவள் கொடுத்ததில்லை. பலகையோடு வந்த இரும்புக் குண்டை மேல் விளிம்பிலிருந்து விட்டாள். கனத்த, வழுக்கலான, ஒரே சீரான உருளல். முகத்தின்மேல் ஏறும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் அடங்கியது, மரத்தை விட்டு மெத்தென்ற எதன்மேலோ ஏறியதுபோல. பிலிம் தடிமனின் வேலை என்று நினைத்தாள். பத்து. இருபது. முப்பதாவது முறை உருட்டும்போது முன்னறையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"அம்மா, மூஞ்சி எரியுது."

நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாக முகவாய் வரைக்கும் விரலகலத்தில் ஒரு சிவப்புக் கோடு. மேல்தோல் வழவழவென்று மின்னியது. ஸ்பிரிட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, பின்னறைப் பக்கம் வராதே என்று ஆயிரம் தடவை சொன்னேனே என்று ஆரம்பித்தாள். மகளும் விடவில்லை. நான் வரவே இல்லை, இங்கேதான் இருந்தேன், உனக்கு எதற்கெடுத்தாலும் என்னைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று பொரிந்தாள். அம்மா களிம்பு தடவப் போனாள். அப்போதுதான் கவனித்தாள். கோடு நேராக இல்லை. மூக்கின் நுனியில் சற்றே இடதுபக்கம் வளைந்து இறங்கியது. பலகையில் குண்டும் அந்த இடத்தில் இடதுபக்கம் வளைகிறது. மேஜையின் ஒரு கால் குட்டை.

தன்மேலேயே எரிச்சல் வந்தது. படித்தவள், தொழில் செய்கிறவள், இப்படியா நினைப்பது.

பின்னறைக் கதவைத் திறந்து வைத்தாள், நாற்காலியில் மகளின் பக்கவாட்டு முகம் தெரியும்படி. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பலகை முகத்தின் புருவத்தில் ஒற்றினாள்.

மகள் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே புருவத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கன்னத்தில் ஒற்றினாள். மகள் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், மழை ஒழுகுகிறதா என்று.

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. குண்டை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சாவியைச் சட்டைப்பையில் வைத்தாள். ஹால்காரருக்குப் போன் செய்தாள். ஒட்டியதில் ஒரு பிழை, உரித்துவிட்டு வேறு போடப் போகிறேன் என்றாள்.

போனில், அவருக்குப் பின்னால் எங்கோ குண்டுகள் உருளும் சத்தம், மணிச் சத்தம்.

"யாரு முகம் போட்டீங்க?"

"ஏதோ ஒரு முகம்."

"ஏதோ ஒண்ணா இருந்தா உரிக்கலாம். உங்க வீட்டு ஆளா இருந்தா உரிக்காதீங்க. கடைசியா ஒட்டினவர் என் தங்கச்சி முகத்த வெச்சு ஒட்டினார். அப்புறம் பாவம்னு அவரே உரிச்சிட்டார். வேன்ல உக்காந்திருந்தாளே, பாத்தீங்கல்ல?"

இந்தப் பலகையை உங்களிடம் தரப்போவதில்லை, போலீசுக்குப் போவேன் என்று அவள் வாய்க்கு வந்தபடி கத்தினாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது. வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கே வைத்தாலும் அது தானாகவே ஆட்டத்தை ஆடும் என்றார். எப்படியும் காலை ஒன்பதுக்கு வருவேன், அதற்குள் உங்கள் மனம் மாறிவிடும், எல்லாருக்கும் மாறிவிடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. மழை விட்டபாடில்லை. முன்னறையில் விளக்கைப் போட்டு, மகளுக்குச் சாப்பாடு வைத்து, அவள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துச் சண்டை, தோழியின் புதுப் பூனைக்குட்டி, அதற்கு வைக்கப்போகும் பெயர்கள். வழக்கமாகப் பாதியில் போதும் என்பாள். இன்று சொல்லவில்லை. மகளே சந்தேகமாகப் பார்த்தாள்.

அப்போது பின்னறையில் ஓர் ஒலி.

கனத்த, வழுக்கலான, ஒரே சீரான உருளல். கீழே வந்ததும் கொஞ்சம் அடங்கியது.

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சட்டைப்பையில் சாவி இருந்தது. ஓடினாள். இழுப்பறை பூட்டியபடியே இருந்தது. பலகையின் கீழ்விளிம்பில், சந்தின் வாயில், குண்டு ஈரம்போல மின்னிக்கொண்டு நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசைந்தது. மேல்நோக்கி. சாய்வை எதிர்த்து. மூக்கின்மேல் ஏறி, நெற்றியின்மேல் ஏறி, கூடாரத்தின் உச்சிக்குப் போய் நின்றது. மறுபடி இறங்கத் தயாரானது.

பிடித்தாள். சில்லிட்டிருக்கும் என்று நினைத்தாள். உடம்புச் சூடாக இருந்தது. விசிறி ஓட்டையின் தகட்டை நெம்பித் திறந்து குண்டை மழைக்குள் வீசினாள். திரும்பி வந்து பார்த்தால் மகளின் இடது புருவம் பாதி இல்லை. சவரம் செய்ததுபோல வழுக்கையாக இருந்தது. மகள் அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

உரிக்க முடியாது. தேயவும் விடக்கூடாது. அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி, அது அவளுடைய தொழில்.

கிளியர் கோட் என்கிற நிறமற்ற வார்னிஷில், அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்தாள். கார்களுக்கு அடிக்கிற சரக்கு. காய்ந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், சாவியால் கீறினாலும் தழும்பு விழாது. முகமூடியை மாட்டிக்கொண்டு, தெளிப்புத் துப்பாக்கியின் காற்றைக் குறைத்து, பலகை முகத்தின்மேல் பனிபோல ஒரு பூச்சு அடித்தாள். அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

"அம்மா." படுக்கையிலிருந்து மகளின் குரல். "இப்ப குளுகுளுன்னு இருக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவப்புக் கோடு மறைந்திருந்தது. புருவம் திரும்பியிருந்தது, ஒரு முடி குறையாமல். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மகளின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். உன்மேல் மருந்து நாத்தம் அடிக்கிறது, தள்ளிப் போ என்று மகள் சிணுங்கினாள்.

அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் ஒற்றைப் பூச்சு மூன்று மாதத்தில் மங்கும். அது ஊருக்கே தெரியும். மூன்று பூச்சுக்குக் குறைந்தால் அவள் தன் கடைப் பெயரைப் போடமாட்டாள். சொந்த மகளுக்கா குறை வைப்பாள்? இரண்டாவது பூச்சு அடித்தாள். படுக்கையில் மகள் பூனைக்குட்டிக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், பாதித் தூக்கத்தில், உரக்க, சுவர் வழியாகக் கேட்கும்படி. காகம் என்று வைக்கலாமாம். கறுப்பாம். வால் நுனி மட்டும் வெள்ளையாம். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோலச் சொற்கள் குழைந்தன.

வெளியே ஏதோ சுவரில் மோதியது. உருண்டது. மறுபடி மோதியது.

அவள் அவசரப்பட்டாள். மூன்றாவது பூச்சைத் தாராளமாக அடித்தாள். விளக்கைச் சாய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குறையே இல்லை. காலையில் ஊசி குத்திய துளைகூட நிரம்பி மூடியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூனைக்குட்டிக் கதை ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

தூங்கிவிட்டாள், பாவம், என்று நினைத்தாள். பின்னறையைப் பூட்டி, கதவுக்கு வெளியிலேயே சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடியும்வரை எதுவும் உருளவில்லை. மழைகூட நின்றுவிட்டது.

விடிந்தபின் கண்ணயர்ந்தவள் ஹாரன் சத்தத்தில்தான் விழித்தாள். ஜன்னலுக்கு வெளியே வேன். முன் இருக்கையில் துணி சுற்றிய தலை, இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

மகளை எழுப்பப் போனாள்.

மகள் முழித்துத்தான் இருந்தாள். மல்லாந்து படுத்து, உதட்டை இறுக்கி, கன்னம் உப்ப, கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தாள். காலை வெயில் நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும் ஒரே வெள்ளைக் கோடாகப் பளபளத்தது.

"எழுந்திரு குட்டி."

கண் இமைக்கவில்லை. கருவிழி மட்டும் நகர்ந்தது, கண்ணாடிக்கு அடியில்.

சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூடத் தங்கவில்லை. முத்து முத்தாக உருண்டு தலையணையில் விழுந்தது. போர்வைக்கடியில் இரண்டு கைகளும் மெத்தையை அடித்துக்கொண்டிருந்தன, வெகுநேரமாக அடித்துக் களைத்த கைகள். மூக்குத் துளையும் வாயும் பூச்சுக்கடியில் மூடிக் கிடந்தன, இடது உதட்டோரத்தில் மட்டும் ஒரு குமிழி. கடுகளவு இல்லை, நெல்லிக்காய் அளவு. ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஊசியை எடுத்து வந்தாள். படுக்கைவாட்டில் சாய்த்துக் குத்தினாள்.

வழுக்கியது.

மறுபடி குத்தினாள். ஊசி வளைந்தது. அழுத்திக் குத்தினாள். ஒடிந்தது. கீறல்கூட விழவில்லை.

வாசலில் ஹால்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. குமிழி இன்னொரு முறை ஏறியது, முன்பைவிட மெதுவாக, அதன் உச்சியில் அவளுடைய முகம் சின்னதாகத் தெரிய.